ஐந்தாம் மூட்டை

என் மாமியார் மினாயோவின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். குரல் தெரியும், நடை தெரியும், சர்ச்சில் எந்தப் பாட்டில் எந்த இடத்தில் இழுப்பார் என்று தெரியும். முகம் தெரியாது. மலையூரான எங்கள் மரகோலியில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, கை குலுக்கக் கூடாது, ஒரே கூரைக்குக் கீழே உட்காரக் கூடாது. பாதையில் எதிரே வந்தால் ஒருவர் வாழைக்குள் ஒதுங்கிவிட வேண்டும். எப்போதும் அவர்தான் ஒதுங்குவார். என் உடம்புக்கு எந்த வாழையும் மறைப்பு ஆகாது.

பேச வேண்டியதை என் மனைவி ஜெண்டேகா வழியாகப் பேசுவோம். அவள் இல்லாத நேரம் மாட்டிடம் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டு மாட்டுக்குக் கிசுமு என்று பேர், கிசுமு சந்தையில் வாங்கியதால். வேலிக்கு வெளியே நின்று நான் சொல்வேன்:

“கிசுமு, சமையல்கட்டுக் கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன்.”

கொட்டகைக்குப் பின்னாலிருந்து பதில் வரும்:

“கிசுமு, கேள்விப்பட்டவங்க ஏணியோட வந்திருக்கலாமேன்னு சொல்லு.”

மாடு இரண்டு பேரையும் பார்த்து அசைபோடும். அந்தக் கூரையை நான் சரிசெய்யவே இல்லை. சமையல்கட்டுக்குள் நான் போகக் கூடாது என்பது ஒரு சாக்கு. லீவு நாளில் தூங்க வேண்டும் என்பது நிஜம்.

எனக்கு வேலை கோருவில், சுண்ணாம்புக்கல் குவாரியில். பதினோரு வருஷம். கல்லை உடைப்போம். பாதியைச் சுடாமல் பொடியாக அரைப்பார்கள், பாதியைக் காளவாயில் போட்டுச் சுடுவோம். சுடாத பொடி சாது. தின்றால்கூட ஒன்றும் ஆகாது, பல்லில் நறநறக்கும், அவ்வளவுதான். சுட்டது அப்படியில்லை. வியர்த்த கையில் பட்டால் தோலை உரிக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். என் இடது முழங்கையில் ஒரு திட்டு இன்னும் வெள்ளையாக இருக்கிறது, முதல் வருஷத்து நினைவு. “என் மக கல்லு உடைக்கிறவனுக்குப் போனா” என்று மாமியார் சர்ச்சுப் பெண்களிடம் சொல்வாராம். பொய்யில்லை. உடைக்கத்தான் செய்கிறேன்.

அவருக்கு இருப்பது பத்து சென்ட் தோட்டம். புருஷன் செத்த பிறகு அதுதான் அவர் அடுப்பு, அவர் மரியாதை எல்லாம். மூன்று பருவமாக அதில் பீன்ஸ் சரியாக வரவில்லை. முளைக்கும், நாலு இலை விடும், மஞ்சளாகி நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி கட்டையாகக் கருகியிருக்கும். அவர் என்ன செய்தார் என்றால், குழிக்கு ஒரு சோடா மூடி டி.ஏ.பி. உரம் போட்டுவந்தவர் இரண்டு மூடி போட்டார். அடுத்த பருவம் மூன்று. ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். பயிர் மஞ்சளானால் பசி என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

செத்த மாமனாரின் தம்பி கெகோடே இதற்காகவே காத்திருந்தார். “அண்ணி, இந்த மண்ணு கிழடாயிடுச்சு. தைலமரம் வெச்சிடலாம். நட்டுட்டு நீங்க பாட்டுக்குக் கால நீட்டிக்கிட்டு உட்காரலாம்” என்றார். தைலமரம் வைத்த நிலத்தில் திரும்பப் பீன்ஸ் வந்து எங்கள் மலையில் யாரும் பார்த்ததில்லை. கடைசியில் பெரியவர்கள் முன்னால் பேச்சு இப்படி முடிந்தது: இந்தப் பெருமழைப் பருவத்தில் பயிர் வந்தால் தோட்டம் மினாயோவுக்கு. வராவிட்டால் கெகோடே கன்று வைப்பார். அவர் கன்றுகளை வாங்கிக் கறுப்புப் பைகளோடு தன் வாசலில் வரிசையாக வைத்தும்விட்டார், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

பிப்ரவரியில் விவசாய ஆபீஸ் பெண் ஒருத்தி வந்து ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தாள். “மண்ணு புளிச்சுப் போச்சும்மா. உரம் போடப் போட இன்னும் புளிக்கும். சுண்ணாம்புக்கல் பொடி போடுங்க, இந்த இடத்துக்கு நாலு மூட்டை” என்றாள். அன்று சாயங்காலமே ஜெண்டேகா எனக்குப் போன் செய்தாள்.

“பாபா ஆயுமா, அம்மா கேக்கச் சொன்னாங்க. உங்க கல்லுக்குத் தோட்டத்துல வேலை இருக்காமே, நெசமா?”

எங்கள் மகள் பேர் ஆயுமா, அதனால் நான் பாபா ஆயுமா, ஆயுமாவின் அப்பா. “நெசந்தான். லாரி லாரியா கரும்புக் காட்டுக்குப் போகுது.”

“ஒன்பது வருஷமா இத ஏன் சொல்லலைன்னு கேக்கறாங்க.”

“மாடு கேக்கல, நான் சொல்லல.”

அவள் அதை அப்படியே சொன்னாளா தெரியாது. சொல்லியிருப்பாள்.

நான் நாலு மூட்டை சுடாத பொடி வாங்கினேன். கூடவே ஒரு மூட்டை சுட்ட சுண்ணாம்பும் வாங்கினேன். மாமியார் வீட்டுச் சுவர் வெள்ளையடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது, கூரையை ஏமாற்றியதற்குச் சுவராவது செய்வோம் என்று. ஐந்தும் ஒரே மாதிரி மக்காச்சோளச் சாக்கு. நாலைக் கற்றாழைக் கயிற்றால் கட்டினேன், சுட்டதை மட்டும் வாழை நாரால் கட்டினேன். பிக்அப்பில் கொண்டுவந்து வேலி ஓரம் இறக்கினேன். ஜெண்டேகாவிடம் மூன்று தடவை சொன்னேன், வாழை நார் சுவருக்கு, கயிறு மண்ணுக்கு. சொல்லிவிட்டுக் கோருவுக்கு வண்டி ஏறினேன்.

இரண்டு வாரம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஜெண்டேகா ஒரு சாவுக்காகப் புன்யோரே போயிருந்தாள், அங்கிருந்து போன். பின்னால் ஒப்பாரி.

“அம்மா பொடிய இறைச்சிட்டாங்க. திங்கக்கிழமையே. நாளைக்குக் காலைல விதைக்கிறாங்க, சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாம் வராங்க.”

“வாழ நார் மூட்டைய எடுத்து வெச்சாங்களா?”

அவள் ஒப்பாரியை விட்டுத் தள்ளி நடப்பது கேட்டது.

“ஜெண்டேகா?”

“நார் இல்ல.”

“இல்லன்னா?”

“கயிறும் இல்ல. கயிறு நல்ல கயிறா இருக்குன்னு ஆட்டுக்குக் கட்டிட்டாங்க. நார உலர வெச்சு எடுத்துக்கிட்டாங்க. மழை வருதுன்னு அஞ்சு மூட்டையையும் சமையல்கட்டுக்குள்ள இழுத்துப் போட்டாங்க. நாலு இறைச்சாச்சு, ஒண்ணு உள்ள இருக்கு.”

“எந்த ஒண்ணு?”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அவங்ககிட்டச் சொன்னேன். சொன்னேன்னு நெனைக்கிறேன். சாவுச் சேதி வந்த அன்னிக்கி... இருங்க, போன்ல சார்ஜ்...”

போய்விட்டது.

உகாலிக் களி தட்டில் ஆறியது. ஐந்தில் நாலு. நாலையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்துதான் இறைத்திருப்பார், உரம் அப்படித்தான் போடுவார். சுட்டது அதில் கலந்திருந்தால் தோட்டம் முழுக்க அது இருக்கும். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டு தூறல்தான். தண்ணீர் குடித்துச் சரியாக நீறாத சுண்ணாம்பில் விதையைப் போட்டால் விதை வெந்துவிடும். அவரிடம் இருப்பது ஒரே ஒரு தகர டப்பா விதை, போன பருவத்து மஞ்சள் செடிகளிலிருந்து பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது. அது போனால் கெகோடேயின் கறுப்புப் பைகள் வேலி தாண்டும். அதுவும் என் மூட்டையால்.

அப்புறம் அவர் கை. வெறுங்கையால்தான் இறைத்திருப்பார். சுட்டது பட்டிருந்தால் உள்ளங்கை சொல்லிவிடும். ஒரு பார்வை போதும் எனக்கு. ஆனால் அந்தப் பார்வைதான் எனக்கு இல்லை.

மாமியாருக்குப் போன் செய்யலாமா? இதைப் பற்றி எங்கள் ஊரில் முடிவே கிடையாது. பார்க்காத வரை குற்றமில்லை என்பார் ஒருவர். குரல் நேராகக் காதுக்குள் போவது பார்ப்பதைவிட மோசம் என்பார் இன்னொருவர். என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அடகாலாவிடம் கேட்டேன். அவனும் எங்கள் ஊர்க்காரன்தான்.

“பண்ணாத. ஆடு தண்டம் வெப்பாங்க.”

“தோட்டம் போயிடும்டா.”

“அப்ப பண்ணு. ஆடு என்ன ஆடு.” கொஞ்சம் யோசித்து, “மாட்டுக்குப் பண்ணு” என்றான்.

நம்பர் போட்டேன். எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. என் பேர் திரையில் வந்திருக்கும்.

“கிசுமு,” என்றேன்.

அப்புறம் காலடிச் சத்தம், கொட்டகைக் கதவு, மாடு மூச்சு விடுகிற சத்தம். நிஜமாகவே மாட்டிடம் போய்விட்டார்.

“கிசுமு, பேசறாங்க, கேளு” என்றார் தூரத்திலிருந்து.

“கிசுமு, உள்ள ஒரு மூட்டை இருக்கில்ல? அதுலேர்ந்து அகப்பையால கொஞ்சம் எடுத்துப் பழைய தகர டப்பாவுல போட்டுத் தண்ணி ஊத்தணும். சத்தம் போட்டுக் கொதிச்சா நல்லது, சுட்டது உள்ளயே இருக்குன்னு அர்த்தம். சும்மா கெடந்தா நாளைக்கு விதைக்கக் கூடாது. கை வெச்சுப் பாக்கக் கூடாது, தள்ளி நின்னு பாக்கணும்.”

“கிசுமு, கொதிச்சா நல்லதுன்னு ஒரு மருமவன் சொல்லி நீ கேட்டிருக்கியா?”

ஆனாலும் போனார். நான் காத்திருந்தேன். அடகாலா என் தட்டிலிருந்து மீன் எடுத்துத் தின்றான், நான் தடுக்கவில்லை.

“கிசுமு, சும்மாதான் கெடக்கு. பால் மாதிரி இருக்கு. ஒரு சத்தமும் இல்ல.”

சட்டென்று எழுந்துவிட்டேன். “அப்போ விதைக்க வேணாம். கிசுமு, விதைக்க வேணாம்னு சொல்லு.”

“கிசுமு, பதினெட்டுப் பேரக் கூப்பிட்டாச்சு. அரிசி ஊற வெச்சாச்சு. கெகோடே வேலி ஓரம் நின்னு பாத்துட்டிருப்பாரு. இன்னிக்கு நிறுத்துனா அவருக்கு இன்னிக்கே கொண்டாட்டம்.”

“கை எப்பிடி இருக்கு?” மாட்டின் பேரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

போன் வைக்கப்பட்டது.

சனிக்கிழமை விடியலில் முதல் மட்டாட்டு வேனில் ஏறினேன். கிசுமு டவுனில் வண்டி மாறி மலை ஏறி ஊரில் இறங்கும்போது வெயில் வந்திருந்தது. தோட்டத்தில் பெண்கள் மண்வெட்டியோடு வரிசையாக நின்றிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கெகோடே சும்மா ஒரு குச்சியைச் சீவிக்கொண்டு நின்றார். நான் வேலியைத் தாண்டியதும் கூச்சல்.

“ஐயோ, மருமவன் தோட்டத்துக்குள்ள வராரு! மினாயோ, ஓடு!”

“தலைல துணியப் போடு!”

“எங்க ஓட, வாழைப் பக்கம்! வாழைப் பக்கம்!”

நீலப் பாவாடை ஒன்று என் கண்ணோரத்தில் வாழைக்குள் போனது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கட்டி மண் எடுத்தேன். வெள்ளைப் பொடி மண்ணோடு ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தேன், மணல்போல உருண்டது. நாக்கில் வைத்தேன்.

“மண்ணத் திங்கறாரு!” என்றாள் ஒருத்தி.

“குவாரில சம்பளம் போடல போல” என்றாள் இன்னொருத்தி.

சுட்டது என்றால் நாக்கை ஊசி குத்துவது மாதிரி பிடிக்கும். பிடிக்கவில்லை. நறநறப்பு, மண், வேறொன்றும் இல்லை. நாலு மூலையிலும் எடுத்து நக்கினேன். நடுவிலும் நக்கினேன். சாதுக் கல்தான். ஆனால் தகரத்தில் தண்ணீர் ஏன் சும்மா கிடந்தது? உள்ளே இருப்பதும் சாது, வெளியே இருப்பதும் சாது என்றால் சுட்டது எங்கே போயிற்று? தோட்டத்தில் நான் நக்காத இடம்தான் பெரிது. பதினெட்டுப் பெண்களும் என் வாயையே பார்த்தார்கள். கெகோடே குச்சி சீவுவதை நிறுத்தினார்.

“என்ன மருமவனே, மண்ணு ருசியா இருக்கா? கன்னுகள எடுத்துட்டு வரட்டுமா?”

“சமையல்கட்டுல இருக்கற மூட்டைய யாராவது வெளிய கொண்டாங்க” என்றேன்.

பெரிய உடம்புக்காரி ஒருத்தி உள்ளே போனாள். உடனே உள்ளிருந்து கத்தினாள்.

“எடுக்க முடியாது! கோழி உட்கார்ந்திருக்கு!”

“தள்ளிவிடு!”

“கொத்துது! மூணு நாளா அதுமேலதான் உட்கார்ந்திருக்காம், அடை உக்கார்ற மாதிரி. முட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல.”

வாழைக்குள்ளிருந்து குரல் வந்தது. “கிசுமு, அந்தக் கோழி புதன்கிழமைலேர்ந்து அங்கதான் இருக்கு. மூட்டை கணப்பு மாதிரி இருக்கு, அதான். நானே காலைல பாதத்த அதுல வெச்சுக் குளிர்காஞ்சேன்.”

நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூரை ஒழுகியிருக்கிறது. சொட்டுச் சொட்டாக மூட்டைமேல். சுட்ட சுண்ணாம்பு அந்த ஈரத்தைக் குடித்து மெல்ல நீறிக்கொண்டிருந்திருக்கிறது, உள்ளே சூடாக, மேலே ஏற்கெனவே நீறி முடிந்து வீரியம் செத்துப் போய். மாமியார் மேலாகக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். செத்தது எப்படிக் கொதிக்கும்? நாங்கள் காளவாயில் புதுச் சுண்ணாம்பு மட்டுமே பார்க்கிறவர்கள், பழையது எப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. அடியில் கைவிட்டு எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததும் நல்லதுதான், வெந்திருக்கும்.

“அதுதான் சுட்டது” என்றேன். “உள்ளதான் இருக்கு. தோட்டத்துல இல்ல. விதைக்கலாம். சுவருக்கு வெச்சது சுவருக்கே இருக்கு.”

பெண்களுக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் ‘விதைக்கலாம்’ புரிந்தது. பெரிய உடம்புக்காரி கோழியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள், அது அவள் கழுத்தைக் கொத்த, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்க நேரமாயிற்று, நிற்கும்போது கண் நனைந்திருந்தது. நாக்கு முழுக்க மண்.

கெகோடே குச்சியைக் கீழே போட்டார். “முளைக்கட்டும், பாப்பம்” என்றார்.

“பாருங்க மாமா. நல்லாப் பாருங்க” என்றேன்.

அப்போது வாழை இலைகள் அசைந்தன. நான் தலையைக் குனிந்தேன்.

“கிசுமு,” என்றது குரல், “நேத்து ஒருத்தங்க கை எப்பிடி இருக்குன்னு கேட்டாங்க. உம்பேரச் சொல்லாம கேட்டாங்க, நேரா. ஆடு தண்டம் கேக்கலாம். கேக்கல.”

இலைகளுக்கு நடுவே இரண்டு கைகள் நீண்டன. உள்ளங்கை மேலே பார்த்து. முகம் இலைக்குப் பின்னால். கை முகமில்லை என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். காய்ப்பு, வெடிப்பு, நகத்தில் மண், ஒரு பழைய அரிவாள் தழும்பு. என் கையைவிட மோசமான கை. ஆனால் சுண்ணாம்புக் காயம் ஒன்றுகூட இல்லை.

“கிசுமு, நல்லா இருக்கு” என்றேன்.

கைகள் உள்ளே போயின. பெண்கள் விதைக்க ஆரம்பித்தார்கள். குழிக்கு ஒரு சோடா மூடி உரம், ஒரு மூடிதான், ஆபீஸ் பெண் சொன்ன மாதிரி சாணமும் சேர்த்து. நான் வேலிக்கு வெளியே போய் நின்றேன். ஒருத்தி ஒரு தட்டு அரிசிச் சோறும் பீன்ஸும் கொண்டுவந்து வைத்தாள், வாயைக் கொப்பளிக்கத் தண்ணீரும்.

மே மாதம் லீவில் வரும்போது ஏணி கொண்டுவந்தேன். ஜெண்டேகா கீழே பிடித்துக்கொண்டாள். மாமியார் சமையல்கட்டுக்குள் இருந்தார், அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் உட்காரத்தான் கூடாது. மேலே ஏறுவதைப் பற்றி எந்தப் பெரியவரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

பழைய தகரத்தைப் பெயர்த்துப் புதியதை அடித்தேன். அங்கிருந்து பார்த்தால் பத்து சென்ட்டும் தெரிந்தது. பீன்ஸ் கரும்பச்சையாகப் படர்ந்து, இடையில் மண் தெரியாமல் மூடியிருந்தது. பிஞ்சு கட்டியிருந்தது. கெகோடே தன் கன்றுகளை ஓடைக்கு அந்தப் பக்கம், தன் சொந்தத் தரிசில் நட்டிருந்தார். தூரத்தில் அவர் குனிந்து தண்ணீர் ஊற்றுவது தெரிந்தது.

கீழே கூரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

“ஜெண்டேகா, அந்தக் கோழி இனிமே குளிர்காய எங்க போறதுன்னு மேல இருக்கறவங்களக் கேளு.”

நான் ஆணியை அடித்தேன்.